தடைக்காலத்துல போட்ட வரச்சீட்டு: மூணு தடவ கெடுத்து நாலாவது தடவ தேறினது

வரச்சீட்டுன்னா கதை விளையாட்டுல ஒரு கேரக்டருக்கு ஒரு தனி சக்தி குடுக்கிற சீட்டு, நானே எழுதினது. முதல்லயே சொல்லிடுறேன், இது முழுசா முடிஞ்ச வேலை இல்ல, இன்னும் ரெண்டு சீட்டு மக்கர் பண்ணுது. ஆனா வீட்டுல பிள்ளைகள வச்சு ஆர்.பி.ஜி (ஆளுக்கொரு கேரக்டரா இருந்து கதை சொல்லி ஆடுற விளையாட்டு) ஓட்டுற யாருக்காவது உதவும்னுதான் எழுதுறேன், நான் பட்ட பாட்ட இன்னொருத்தர் முதல்லேருந்து பட வேணாம்.

எங்க ஊரு மண்டபம் பக்கம். வடக்க நடந்தா பாக் விரிகுடா, தெக்க நடந்தா மன்னார் வளைகுடா, ரெண்டு கடலுக்கும் நடுவுல ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற நிலம். அண்ணன் விசைப்படகுக்குப் போறவரு. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம்ல, அப்ப படகு எல்லாம் கரையில ஏறிக் கெடக்கும், பெயிண்ட் அடிக்கிறது வலை பொத்துறது இதெல்லாம் முடிஞ்சா மனுசன் வீட்டுலயே சுத்திச் சுத்தி வருவாரு, பிள்ளைகளுக்கும் லீவு, மதினிக்கு இவங்க மூணு பேரையும் சமாளிக்கிறதே வேலையாப் போயிரும். நான் ராமநாதபுரத்துல ஒரு இ-சேவை மையத்துல வேலை பாக்குறேன், அதுக்கு முன்னாடி மதுரையில ஹாஸ்டல்ல தங்கி புள்ளியியல் படிச்சேன், இந்த விளையாட்டு அங்க ரூம்மேட்டு கத்துக் குடுத்தது. அதத்தான் இந்த வருசம் வீட்டுல இறக்கினேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. போர்டு கிடையாது, காய் கிடையாது, ஒருத்தர் கதைய ஓட்டணும் (எங்க வீட்டுல நான்), மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா இருந்து நான் இத செய்யறேன் அத செய்யறேன்னு சொல்லணும், நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்துல பகடை. அமெரிக்காவுல 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் போட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதுக்கெல்லாம் தாய்வேர். அந்த முதல் பதிப்புல கேரக்டர் உண்டாக்க மூணு பகடைய ஆறு தடவ உருட்டணும், ஒவ்வொரு தடவையும் விழுற கூட்டு ஒரு குணத்துக்கு. நான் அந்த ஆறையும் எங்க வீட்டுப் பேச்சுக்கு மாத்திக்கிட்டேன்: கைபலம், வேகம், தம், மூளை, நிதானம், பேச்சு. தம்னா தண்ணிக்குள்ள மூச்சடக்குறதும் வெயில்ல தாங்குறதும் ரெண்டும் சேத்து.

ஆளுங்க அஞ்சு பேரு. அண்ணன் மகன் பெரியவன், 13 வயசு. மக சின்னவ, 10. பக்கத்து வீட்டுப் பய ஒருத்தன். மதினி, அதுவும் பாதி நேரம் அடுப்படியிலேருந்து கத்தித்தான் ஆடும். அப்புறம் அண்ணன், "நான் சும்மா பாக்குறேன் ஆத்தா, நீங்க ஆடுங்க"ன்னு சொல்லிட்டு பத்தாவது நிமிசம் உள்ள வந்து உக்காந்தவரு.

கதைக்கு எங்க கடலயே எடுத்துக்கிட்டேன். மன்னார் வளைகுடாவுல 21 தீவு, அதுல விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணிக்குள்ள முங்கிப் போச்சுன்னு இங்க பிள்ளைகளுக்கே தெரியும். அப்படி முங்கின ஒரு தீவுக்கு அடியில ஒரு ஊரு இருக்கு, அங்க இன்னும் ஆள் நடமாட்டம் இருக்குன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு. கேரக்டர் போடுறப்பதான் கெட்டுச்சு.

லூடோ டப்பாவுலேருந்து எடுத்த மூணு பகடை. பெரியவனுக்கு 15, 13, 14, 9, 16, 12. கூட்டினா 79. சின்னவளுக்கு 7, 9, 6, 11, 8, 10. கூட்டினா 51. சின்னவ கொஞ்ச நேரம் அந்தத் தாளயே பாத்துக்கிட்டிருந்துச்சு, அப்புறம் "அத்தை, எனக்கு தம்மும் இல்ல, பலமும் இல்ல, நான் எதுக்கு வரேன்?"ன்னு கேட்டுச்சு, கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அதுக்கு என்ன பதில் சொல்ல. மூணு பகடைக்கு மொத்தம் 216 விதமா விழலாம், 10 விழ 27 வழி, 11 விழ 27 வழி, 18க்கு ஒரே ஒரு வழி, சராசரி 10.5, ஆறுக்கும் சேத்து 63, அதுக்கு மேலயும் கீழயும் பத்துப் பதினஞ்சு ஆடுறது ஒண்ணும் அதிசயமே இல்லன்னு எனக்குத் தெரியும். பத்து வயசுப் பிள்ளைகிட்ட அதச் சொல்லி என்ன ஆகப் போகுது.

(டிராவலர்னு 1977ல வந்த ஒரு விளையாட்டுல கேரக்டர உண்டாக்கிக்கிட்டிருக்கிறப்பயே அந்த ஆளு செத்துப் போக வாய்ப்பு உண்டு. இத சின்னவகிட்ட ஆறுதலாச் சொன்னேன். ஆறுதல் ஆகல.)

முதல் ரிப்பேர், எல்லாருக்கும் தெரிஞ்சது: நாலு பகடை உருட்டி சின்னத விட்டுடறது. சராசரி 12.24க்கு ஏறும். போட்டுப் பாத்தோம், எல்லாரும் ஒரு படி மேல ஏறினாங்க, ஆனா பெரியவனுக்கும் சின்னவளுக்கும் நடுவுல இருந்த பள்ளம் அப்படியே கெடந்துச்சு, ஏன்னா சராசரிதான் கூடுது, ஏத்த இறக்கம் கிட்டத்தட்ட அதேதான். அண்ணன் சொன்னாரு, எல்லாருக்கும் ஒரே பங்கு குடுத்துட்டுப் போ, எதுக்கு வம்புன்னு. அதுவும் இருக்கு, 15, 14, 13, 12, 10, 8ன்னு ரெடிமேடா ஆறு நம்பர் குடுத்து யாருக்கு எது வேணுமோ எடுத்து வச்சுக்கன்னு விட்டுடலாம், கூட்டு 72. ஆனா அப்ப அஞ்சு பேருமே 15அ கைபலத்துல போட்டு அஞ்சு பேரும் ஒரே ஆளா வந்து நின்னாங்க. எனக்குப் பிடிக்கல. கையில என்ன விழுந்துச்சோ அத வச்சு ஒரு ஆள உண்டாக்குறதுலதான் எனக்கு ருசி.

சரின்னு பகடைய தூக்கி ஓரமா வச்சுட்டு சீட்டுக்கு மாறினேன். இதுதான் நான் பண்ணினதுலயே சுத்தமா வேலை செஞ்ச ஒரே பாகம், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். 18 சீட்டு. 1லேருந்து 6 வரைக்கும் ஒவ்வொண்ணும் மூணு தடவ. கலைச்சு, மூணு மூணா ஆறு குவியல் கவுத்து வை, ஒவ்வொரு குவியலும் ஒரு குணம். 1லேருந்து 6 வரை கூட்டினா 21, மூணு தடவன்னா 63, ஆக யாரு எப்படிக் கலைச்சாலும் மொத்தம் 63தான், ஒண்ணு கூடாது ஒண்ணு குறையாது. ஒரு இடத்துல தாழ்ந்தா இன்னொரு இடத்துல ஏறியே தீரும். பகடையில ஒரு குணத்துக்கு 18 விழ 216ல ஒரு வாய்ப்பு, இதுல மூணு ஆறும் அந்தக் குணத்தோட குவியல்லயே சேர 816ல ஒரு வாய்ப்பு, அதனால ரொம்பக் கோணலும் கொஞ்சம் குறையும், ஆனா செத்துப் போயிடாது.

சின்னவளுக்கு இதுல என்ன வந்துச்சு தெரியுமா, கைபலம் 4, பேச்சு 17. நான் பயந்துக்கிட்டே பாத்தேன், மறுபடி எந்திரிச்சுப் போயிருமோன்னு. அது சொல்லுச்சு, "குடத்தத் தூக்க முடியாது, ஆனா அண்ணனத் தூக்க வச்சிரலாம்ல." அவ்வளவுதான், அந்தக் கேரக்டர் பொறந்துருச்சு.

ஒரு சின்ன இடைஞ்சல்: அஞ்சு குவியல் திறந்தாச்சுன்னா ஆறாவது என்னன்னு கணக்குல வந்துரும். பெரியவன் மனசுலயே கூட்டிட்டு திறக்குறதுக்கு முன்னாடியே கத்துவான். அது குறையா விளையாட்டான்னு எனக்கு இன்னும் தெரியல, விட்டுட்டேன். அப்புறம் ஒரே ஒரு தடவ எந்த ரெண்டு குவியலையும் இடம் மாத்திக்கலாம்னு ஒரு சலுகை குடுத்தேன், அது தேவைப்பட்டுச்சு, இல்லாட்டி மதினிக்கு மூளை 5ன்னு வந்தப்ப அடுப்படியிலேருந்து கரண்டி பறந்திருக்கும்.

இப்ப சீட்டு செஞ்ச கதை. முதல் செட்டு பழைய கல்யாணப் பத்திரிகைய வெட்டினது. கனம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, பின்பக்கம் ஒண்ணுல பிள்ளையார் காது தெரியுது ஒண்ணுல தங்க பார்டர் தெரியுது, ரெண்டாவது நாளே பக்கத்து வீட்டுப் பய தங்க பார்டர் எல்லாம் அஞ்சும் ஆறும்னு கண்டுபிடிச்சுட்டான். அடுத்தது அம்மா குடுத்த யோசனை, பனங்குருத்தோலை. மஞ்சப்பொடி போட்டு வேக வச்சு நிழல்ல காயப்போட்டு நறுக்கினோம், பாக்க அவ்வளவு அழகு, மார்க்கர்ல எழுதினோம், கடக்கரை ஈரத்துக்கும் கை வேர்வைக்கும் ரெண்டு நாள்ல 3 எது 8 எதுன்னு (8 கிடையவே கிடையாதுங்கிறது வேற விசயம்) தெரியாம இழுவிக்கிச்சு. அதுக்கும் மேல ஓலைக்கு ஓலை நரம்பு வேற வேற. ஓலைக் கொட்டானுக்குள்ள போட்டு கண்ண மூடிக்கிட்டு எடுக்கச் சொன்னேன், சின்னவ விரல்ல தடவியே சொல்லிருச்சு. சீட்டு ஏமாத்துறது எப்படின்னு பிள்ளைகளுக்கு நானே பயிற்சி குடுத்த மாதிரி ஆயிருச்சு.

மூணாவதுதான் நிலைச்சது. கெட்டி போர்டு பேப்பர்ல பிரிண்ட், 63 மில்லிமீட்டர் அகலம் 88 உயரம், ஏ4ல சரியா ஒம்போது விழும், மொத்தம் எனக்கு 54 சீட்டு அதனால ஆறு தாள். வேலை பாக்குற எடத்துலயே லேமினேசன் மிசின் இருக்கு, பௌச்சுக்கு காசு குடுத்துட்டுத்தான் போட்டேன். இதுல ஒரு தப்பு பண்ணினேன்: தாள முழுசா லேமினேட் பண்ணிட்டு அப்புறம் சீட்டா வெட்டினேன். வெட்டின ஓரம் திறந்து கெடக்குமில்ல, உப்புக் காத்து அது வழியா உள்ள போயி ரெண்டே வாரத்துல பிளாஸ்டிக் தனியா பேப்பர் தனியா உரிஞ்சு வந்துச்சு. முதல்ல சீட்ட வெட்டிடணும், அப்புறம் பௌச்சுக்குள்ள நடுவுல ஆறு மில்லிமீட்டர் சந்து விட்டு அடுக்கணும், மிசின் இழுக்குறப்ப நகராம இருக்க ஒரு பொட்டு கம் வச்சுக்கணும், வெளிய வந்த பிறகு சந்துக்கு நடுவுல வெட்டினா சீட்டச் சுத்தி மூணு மில்லிமீட்டர் ஒட்டின ஓரம் நிக்கும், காத்து போகாது. மூலை குத்தும், நெயில்கட்டரால ஒரு கடி கடிச்சு விட்டா போதும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா கேரம் பவுடர் ஒரு சிட்டிகை.

கலைக்கிறதுக்கும் ஒரு வார்த்தை. 52 சீட்டுக் கட்ட விரல்ல விசிறி ஏழு தடவ கலைச்சாத்தான் ஓரளவு நல்லாக் கலையும்னு 1992ல டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்காங்க, காலேஜ்ல படிச்சது. ஆனா லேமினேட் பண்ணின சீட்டு விசிறாது, ரெண்டு தடவ முயற்சி பண்ணி ரெண்டு தடவையும் அண்ணன் டீ டம்ளருக்குள்ள விழுந்துச்சு. பாய்ல கொட்டி ரெண்டு கையால மாவு பிசையற மாதிரி ஒரு நிமிசம் கலைச்சு விடுறதுதான் சுலபம்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்ல. பிள்ளைகள கூப்பிட்டு, "ஏன்டா, அப்பத்தா வீட்டுல சீட்டாட்டமா?"ன்னு ஒரு நாள் சத்தம். பெரியவன் ஓடிப்போயி ஒரு சீட்ட நீட்டினான், 'ஆவுளியாவோட பேசலாம்'னு எழுதியிருந்தது. ஆவுளியான்னா கடப்பசு. கண்ணாடிய போட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "அது பேசாது, முக்கும்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. அதோட சரி.

ஆமா, அந்தச் சீட்டுதான். எண்ணு வெறும் எண்ணு, ஆட்டத்தோட உசுரு இதுலதான் இருக்கு. வரச்சீட்டுன்னு பேரு வச்சோம், 24 எழுதினேன், ஆளுக்கு மூணு எடுக்கணும். ஆவுளியாவோட பேசலாம். கச்சான் காத்த ஒரு நாழி கட்டி வைக்கலாம். சங்கு ஊதினா பத்து மைலு கேக்கும். இருட்டுல கண்ணு தெரியும். செத்த மீன் கடைசியா எதப் பாத்துச்சோ அதப் பாக்கலாம் (இது பக்கத்து வீட்டுப் பய எழுதினது, அவன நான் லேசா எடை போட்டுட்டேன்). சண்டையில 2 கூடும். எதிராளி பொய் சொன்னா தெரியும்.

கடைசியில இருக்கே அது, பொய் சொன்னா தெரியும், அது என்னக் கொன்னுருச்சு. முங்கின ஊருல ஒரு வலம்புரிச் சங்கு திருடு போயிருச்சு, யாரு எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கணும், அதுதான் கதை. ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதினேன். எட்டு பேரு மேல சந்தேகம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம், ஒரு பொய். பெரியவன் அந்தச் சீட்ட எடுத்துட்டான். எட்டு பேரையும் வரிசையா நிக்க வச்சு "நீ எடுத்தியா? நீ எடுத்தியா?"ன்னு கேட்டுக்கிட்டே போனான், அஞ்சாவது ஆளுல முடிஞ்சது. பத்து நிமிசம். மதினி வடை கூட போட்டு முடிக்கல.

அன்னைக்கே இன்னொரு பக்கத்துல, பக்கத்து வீட்டுப் பயலுக்கு ஆவுளியா சீட்டு வந்திருந்துச்சு. அடுத்த கதைய நான் பனங்காட்டுக்குள்ள வச்சேன், கிணறு, கள்ளிறக்குறவரு, பேய்னு நல்லாத்தான் போச்சு, அவன் மூணு மணி நேரம் அந்தச் சீட்ட கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தான். பனங்காட்டுல ஏது ஆவுளியா.

ஒருத்தனுக்கு சீட்டு கதைய முழுங்குது, இன்னொருத்தனுக்கு சீட்டு சும்மா கெடக்குது. நான் ரெண்டையும் வேற வேற கோளாறுன்னு நினைச்சு தனித்தனியா ரிப்பேர் பாத்தேன், அதுலயே மூணு வாரம் போச்சு.

முதல்ல பொய் சீட்ட கட்டுலேருந்து எடுத்துடலாம்னு பாத்தேன். பெரியவன் விடல, நான் எடுத்தது எனக்குத்தான்னு ஒத்தக் கால்ல நின்னான், அதுவும் நியாயம்தான். சரி, கட்டுல இருக்கட்டும் வரப்ப பாத்துக்கலாம்னு நினைச்சா, 24 சீட்டுல அஞ்சு பேரு மூணு மூணு எடுத்தா 15 சீட்டு வெளிய வந்துருது, எட்டு ஆட்டத்துக்கு அஞ்சு ஆட்டம்ங்கிற கணக்குல அது வந்தே தீரும். வராதுன்னு வேண்டிக்கிட்டு கதை எழுத முடியாது.

அடுத்து விலை வச்சேன். ஆட்டத்துக்கு ஆளுக்கு அஞ்சு சோழி, ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விலை, பொய் சீட்டுக்கு ஒரு கேள்விக்கு ரெண்டு சோழி, ஆவுளியாவுக்கு ஒண்ணு. பெரியவன் ரெண்டே கேள்வி கேக்க முடியும், அதனால யோசிச்சுக் கேக்க ஆரம்பிச்சான், இது நல்ல முன்னேற்றம். ஆனா அண்ணன் இருக்காரே, சோழிய டீசல் மாதிரி சேத்து வைக்கிறாரு. செலவே பண்ண மாட்டேங்கிறாரு. பேய் கழுத்த நெரிக்குது, அப்பவும் "இருக்கட்டும் ஆத்தா, திரும்பி வர வேணாமா"ன்னு சோழிய பொத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. கடைசியில நாலு சோழி மிச்சத்தோட செத்தாரு. மனுசன் இருபது வருசமா கடலுக்குப் போறவரு, கையிருப்ப காலி பண்ணுறது அவர் ரத்தத்துலயே இல்ல. விலை வைக்கிறது ஒரு ஆளுக்கு சரி, இன்னொரு ஆளுக்கு விலங்கு.

அப்புறம்தான் கட்டு, அதாவது வரத்துக்கு ஒரு நிபந்தனை. இது நானா கண்டுபிடிச்சது இல்ல, 1978ல வந்த காமா வேர்ல்டுன்னு ஒரு விளையாட்டுல கேரக்டருக்கு விசித்திர சக்திய உருட்டி எடுக்கிறப்ப அதோட சேந்து குறையும் விழும், அதக் கேள்விப்பட்டிருந்தேன். எங்களுக்கு 12 கட்டுச்சீட்டு, ஒவ்வொரு வரத்து மேலயும் ஒரு கட்டு எடுத்து வைக்கணும். கால் நனைஞ்சிருந்தாத்தான். யாரும் பாக்காதப்ப மட்டும். வாடைக்காத்து அடிக்கிறப்ப மட்டும். சத்தமா பாடிக்கிட்டே. பசியோட இருந்தாத்தான். பெரியவனோட பொய் சீட்டுக்கு மேல 'கால் நனைஞ்சிருந்தாத்தான்' வந்து உக்காந்துச்சு. அதுலேருந்து அவன் சந்தேகப்படுற ஆள எல்லாம் ஏதாவது சாக்கு சொல்லி கரைக்குக் கூட்டிட்டுப் போகணும், இல்லாட்டி ஒரு குடம் தண்ணிய தூக்கிக்கிட்டே அலையணும். அலைஞ்சான். கைபலம் 4 இருக்கிற தங்கச்சி அவன அந்தக் குடத்தோட நாலு தெரு சுத்த வச்சுச்சு. எங்க வீட்டுல அவ்வளவு சிரிப்பு நான் கேட்டு ரொம்ப நாளாச்சு.

வரம் 24, கட்டு 12, பெருக்கினா 288 ஜோடி. நோட்டுல கட்டம் போட்டு எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்தேன், பாதிக்கு மேல போனப்ப தலை சுத்திருச்சு, ஆனா செய்யத்தான் வேணும். சுத்தமா முட்டிக்கிற ஜோடி 11 இருந்துச்சு, 'தண்ணிக்குள்ள மூச்சு விடாம இருக்கலாம்' மேல 'கால் நனையாதப்ப மட்டும்' விழுந்தா என்ன பண்ண. அப்படி விழுந்தா கட்ட மட்டும் மாத்தி எடுத்துக்கலாம், வரத்த மாத்தக் கூடாது. 'சண்டையில 2 கூடும்' மாதிரி சீட்டெல்லாம் ஆறு இருந்துச்சு, அதக் கிழிச்சுப் போட்டேன், ஏன்னா யாரும் அத எடுத்து ஒரு தடவ கூட சந்தோசப்பட்டதே இல்ல, எண்ணு ஏறுது அவ்வளவுதான். அதுக்குப் பதிலா ஆறு புதுசு எழுதினோம், எல்லாமே ஒரு காரியம் செய்யற மாதிரி.

மூணு எடுத்து மூணையும் வச்சுக்கிறதயும் மாத்திட்டேன். மூணு எடு, ஒண்ண வலது பக்கத்து ஆளுக்குத் தள்ளு, இடது பக்கத்துலேருந்து உனக்கு ஒண்ணு வரும், வந்த பிறகு ஒண்ண சீட்டுக்கட்டுக்கே திருப்பிப் போட்டுட்டு ரெண்ட வச்சுக்க. இதுல ஒரு நல்லது, ரெண்டு சீட்டு நீயா வச்சது, அதனால அப்புறம் என் தலையெழுத்துன்னு என் மேல பாய முடியாது.

இத்தனையும் பண்ணியும் ஆவுளியா சீட்டு சும்மாதான் கெடந்துச்சு. பய இந்தத் தடவ சின்னவளுக்கு அதத் தள்ளிவிட்டான், அது பேச்சு 17ஓட ஆவுளியாவோட பேசத் தயாரா உக்காந்திருக்கு, நான் கதைய ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கொண்டு போறேன். அன்னைக்கு ராத்திரி நோட்ட எடுத்து வச்சு ஏன் இப்படின்னு பாத்தப்பதான் மண்டையில உறைச்சுது. நான் ஒவ்வொரு தடவையும் கதைய முன்னாடியே எழுதி முடிச்சிடுறேன். அப்புறம் அவங்க சீட்டு எடுக்கிறாங்க. என் கதைக்கு அந்தச் சீட்டு வரப் போறதே தெரியாது, அப்ப ஒண்ணு கதைய ஒடைக்கும் இல்ல ஓரமா நிக்கும், வேற என்ன நடக்கும். சீட்டுல கோளாறே இல்ல. மூணு வாரம் தப்பான இடத்துல ஸ்க்ரூ திருகிக்கிட்டிருந்திருக்கேன்.

வரிசைய மாத்தினேன். சனிக்கிழம சாயங்காலம் சீட்டு எடுக்கிறது. ஞாயித்துக்கிழம ஆட்டம். நடுவுல இருக்கிற ராத்திரியில அஞ்சு பேரோட பத்து சீட்டையும் தரையில பரப்பி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ரெண்டே கேள்வி கேட்டுக்கிறேன்: இந்தச் சீட்டு இல்லாட்டி திறக்காத ஒரு கதவு எங்க? இந்தச் சீட்ட நம்பிப் போனா ஏமாந்து நிக்கிற ஒரு இடம் எங்க? பத்து சீட்டுக்கு இருபது வரி, அதுல பாதி எழுதுறப்பயே ஒண்ணோட ஒண்ணு முடிச்சு போட்டுக்கும். முக்கா மணி நேரத்துல கதை முடிஞ்சுரும். முன்ன ரெண்டு ராத்திரி ஆனது.

ஒரு உதாரணம். சின்னவளுக்கு ஆவுளியா, கட்டு 'சத்தமா பாடிக்கிட்டே'. பெரியவனுக்கு பொய் சீட்டு, கால் நனையணும். அண்ணனுக்கு சங்கு, பத்து மைலு. சரின்னு சாட்சியா ஒரு கிழட்டு ஆவுளியாவ வச்சேன், திருட்ட பாத்தது அது ஒண்ணுதான், கடப்புல்லு மேய வர்ற எடத்துலதான் அதப் பிடிக்க முடியும். ஆனா சத்தமா பாடினா திருடனுக்கும் கேக்கும். சின்னவ பாடினாத்தான் சாட்சி பேசும், பாடினா எதிரி வருவான். அப்புறம் அந்த ஆவுளியா ஒரு பொய் சொல்லுது, ஏன்னா திருடன் அதோட குட்டிய பிடிச்சு வச்சிருக்கான். பெரியவன் கால் தண்ணியிலதான் இருக்கு, அவனுக்குப் பொய்னு தெரியுது, ஆனா அவனால ஆவுளியாவோட பேச முடியாது, தங்கச்சிகிட்ட சொல்லணும், தங்கச்சி பாட்ட நிறுத்தாம அண்ணன் பேச்சயும் கேக்கணும். ரெண்டும் அடிச்சுக்கிட்டு, பாடிக்கிட்டு, கத்திக்கிட்டு... எங்க அண்ணன் குறுக்க வந்து, நிசமாவே ஒரு தடவ வலையில ஆவுளியா மாட்டி அறுத்து விட்டதச் சொன்னாரு, அது மூச்சு விட மேல வரணும், வலையில ரொம்ப நேரம் மாட்டினா தண்ணியிலயே முழுகிச் செத்துரும், அதனால குட்டிய அவன் ஆழத்துல கட்டி வச்சிருக்க முடியாது, மேலாப்புலதான் எங்கயாவது வச்சிருப்பான்னு. நான் அத யோசிக்கவே இல்ல. குட்டி எங்கங்கிற விடையே அன்னைக்கு மாறிப் போச்சு, நான் எழுதி வச்சிருந்த இடத்த பேசாம அடிச்சுட்டேன்.

பொய் சீட்டு அன்னைக்கு மூணு தடவ வேலை செஞ்சுச்சு, கதை ஒடையல. யாரு திருடன்னு தெரிஞ்சுக்கிறதுல அன்னைக்கு விசயமே இல்ல, பொய்னு தெரிஞ்ச பிறகு என்ன பண்ணுறதுங்கிறதுலதான் அவங்க முழுசா மாட்டிக்கிட்டாங்க.

சோழிய முழுசா விடல. வரத்துக்கு விலைன்னு வைக்காம, கட்ட ஒரே ஒரு தடவ மீறணும்னா ஒரு சோழின்னு வச்சிருக்கேன். ஆளுக்கு மூணு, தடைக்காலம் முழுசுக்கும் அவ்வளவுதான், திரும்ப நிரப்பக் கிடையாது.

மிச்சம் இருக்கிற கோளாறு. கச்சான் காத்த கட்டி வைக்கிற சீட்டு இன்னும் சரியா வரல, காத்த நிறுத்தினா படகுக்காரங்க எல்லாருக்கும் நல்லதா கெட்டதான்னு மதினியும் அண்ணனும் நிசச் சண்டையே போட்டாங்க, அது நிசமாவே ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும், சீட்டுல ரெண்டு வரியில எழுத முடியல. செத்த மீன் சீட்டும் தொல்லை, சந்தையில போயி நின்னான்னா நாப்பது மீனையும் ஒண்ணு ஒண்ணா கேக்குறான். அதுக்கு 'அன்னைக்கு உன் கையால பிடிச்ச மீனு மட்டும்'னு ஒரு வரி சேத்துப் பாக்கலாம்னு இருக்கேன்.

ஜூன் 14 ராத்திரியோட தடைக்காலம் முடிஞ்சது, படகு இறங்கிருச்சு, பள்ளிக்கூடமும் திறந்தாச்சு. இப்ப ஞாயித்துக்கிழம மட்டும்தான் ஆட்டம், அதுலயும் அண்ணன் முக்காவாசி நாள் கடல்ல இல்லாட்டி தூக்கத்துல. அவரோட ரெண்டு வரத்தயும் கட்டையும் கொட்டானுக்குள்ள போட்டு வச்சிருக்கோம், அவர் இல்லாத ஆட்டத்துல அவர் கேரக்டரு கரையில உக்காந்து வலை பொத்திக்கிட்டிருக்கும். சோழி மூணும் அப்படியே இருக்கு, ஒண்ணு கூட தொடல மனுசன். போன வாரம் அவரு விடியக்காலையில வந்து படுத்திருந்தாரு, நாங்க திண்ணையில ஆடிக்கிட்டிருந்தோம், பெரியவன் வசமா மாட்டிக்கிட்டான், அவன் சோழி தீந்து போச்சு. குரல தாழ்த்தி, "அத்தை, அப்பா சோழியில ஒண்ண எடுத்துக்கவா?"ன்னு கேட்டான். உள்ளேருந்து, கண்ணக் கூடத் திறந்திருக்க மாட்டாரு, "தொட்ட, கைய ஒடிச்சிருவேன்"னு சத்தம் வந்துச்சு.